நாலு ஓட்டைப் பட்டன்

கோட்டில் ஒரு பட்டன் தொலைந்துபோனவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம், தையல் சாமான் கடையில் பட்டன் அக்காவின் மேஜை. நாலு கடை ஏறி இறங்கி, இல்லை இல்லை என்று கேட்டுச் சலித்து, "ஆறையும் மாத்திடுங்க, வேற வழியில்லை" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். அக்கா கையை நீட்டிக் கோட்டை வாங்குவாள். மிச்சமிருக்கிற பட்டனைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பாள். பின்சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் டப்பாக்களில் ஒன்றை உருவி, விரலை விட்டுத் துழாவி, அதன் கூடப்பிறந்ததை எடுத்து மேஜைமேல் வைப்பாள்.

"எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?"

"ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். நமக்குக் காது இருக்கணும், அவ்வளவுதான்."

பட்டனுக்கு எதுக்குக் காது என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு. அவள் சிரித்தால் மேஜைமேல் இருக்கும் ஊசி டப்பாவும் கூடச் சேர்ந்து சிரிக்கும்.

காது என்று அவள் சொன்னது சும்மா இல்லை. அந்தக் காதை வைத்துக்கொண்டு அவள் இன்னொரு வேலையும் பார்த்தாள். கடை வேலையைவிட அதில்தான் அவளுக்குப் பெருமை அதிகம்.

அவள் கணவர் குடிநீர் வாரிய அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அலுவலகத்தில் அவருக்குக் 'கவிராயர்' என்று பெயர். யார் ஓய்வு பெற்றாலும் வழியனுப்பு விழாவில் அவர் எழுதிய இங்கிலீஷ் கவிதை ஒன்றை வாசித்தாக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். எட்டு வரி. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் அடுத்த வரி வந்து 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். அந்த 'டக்'குக்குத்தான் கூட்டம் காத்திருந்து சிரிக்கும். வாசித்து முடித்ததும் அதைத் தட்டச்சு செய்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, ஓய்வு பெற்றவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அவரும் அதை வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தாக வேண்டும்.

கவிராயருக்கு இங்கிலீஷ் உண்டு, கிண்டல் உண்டு, மேடையில் நிற்கிற தைரியம் உண்டு. இல்லாதது ஒன்றுதான். எந்த வார்த்தை எதோடு சேரும் என்பது அவர் காதில் விழாது. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பென்சிலைக் கடித்தபடி ஒரே இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் பொறுக்கமுடியாமல் சொன்னாள்.

"ஏங்க, அந்தக் கடைசி ரெண்டும் சேரலையே."

"உனக்கு என்ன தெரியும் இங்கிலீஷ்?"

"இங்கிலீஷ் தெரியாதுங்க. சேரலைன்னு தெரியுது. சட்டையில ஒரு பட்டன் வேற மாதிரி இருந்தா கண்ணுல குத்துதில்ல, அந்த மாதிரி."

அவர் வேறொரு வார்த்தை சொன்னார். இல்லை என்றாள். இன்னொன்று சொன்னார். இல்லை. ஏழாவதாகச் சொன்னதற்குத் தலையாட்டினாள். அந்தக் கவிதைக்குத்தான் அவருக்கு முதல் முதலாகக் கைதட்டல் விழுந்தது.

அதிலிருந்து அவர் தன் காதை நம்புவதையே விட்டுவிட்டார். ஒரு ஜோடி தனக்குச் சரியாகத் தோன்றினால் அது தப்பாகத்தான் இருக்கும் என்கிற அளவுக்கு வந்துவிட்டார். கடையில் வேண்டாம் என்று ஒதுக்கிய மரப்பெட்டி ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பட்டன் போட்டு வைக்கிற பெட்டி, நாற்பத்தெட்டு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரே ஓசையில் முடிகிற வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் துண்டுச் சீட்டுகளாகப் போட்டு வைத்தாள். கேட், லேட், ப்ளேட் ஓர் அறை. மூன், ஸ்பூன், நூன் ஓர் அறை. ரேடியோவில் கேட்டது, கடைக்கு வந்தவர்கள் பேசியது, மகள் பாடம் படித்தபோது காதில் விழுந்தது எல்லாம் அதற்குள் போயிற்று. பாதி வார்த்தைகளுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. தனித்தனியாகத் தெரிந்தவையும் கோவையாக வரும்போது தெரியாமல் போய்விடும்.

விழா மேடையில் அந்தப் பெட்டிக்கும் இடம் கிடைத்தது. எழுதி வந்ததை வாசித்து முடித்ததும், "ஒரு வார்த்தை குடுங்க" என்பார் கவிராயர். கூட்டத்திலிருந்து யாராவது ஒன்றை வீசுவார்கள். அதை வைத்து அவர் ஒரு வரி சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே வலதுகையைப் பின்னால் நீட்டுவார். பின்னால் முக்காலியில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவள் சரியான அறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து உள்ளங்கையில் வைப்பாள். அடுத்த நொடி இரண்டாவது வரி வரும். வித்தைக்காரன் முயலைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி. கைதட்டல் அவருக்கு. ஆனால் அந்த உள்ளங்கை அவளுக்கு முன்னால் வந்து விரிகிறபோது, இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் வேறெதிலும் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்தது. வீட்டில் அவர் உப்பு கேட்கும்போதுகூட அப்படிக் கை நீட்டியதில்லை.

அவர் எழுதுகிற முறை விசித்திரமானது. முதலில் ஜோடி, பிறகுதான் ஆள். "ஜோடி கிடைச்சாப் போதும், மீதி தன்னால வரும்" என்பார். ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெற்றபோது கீப்பருக்கு ஜோடி கேட்டார். அவள் 'ஸ்லீப்பர்' எடுத்துக் கொடுத்தாள். முப்பது வருஷம் வேலை நேரத்தில் கொட்டாவிகூட விடாத மனுஷன், எட்டு வரியில் தூங்குமூஞ்சியாகிவிட்டார். அதற்குப் பிறகு தெருவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம், "என்ன சார், தூக்கம் ஆச்சா?" என்றுதான் கேட்டார்கள். அவரும் முதலில் சிரித்தார். பிறகு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்.

இதெல்லாம் பட்டன் அக்காவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, தான் கொடுத்த வார்த்தை மேடையேறியதும் கூட்டம் சிரிக்கிறது என்பதுதான். சிரித்தால் நல்லதுதானே.

கவிராயரும் ஓய்வு பெறுகிற நாள் வந்தது. அவருக்கு யார் எழுதுவார்கள்? அவரே எழுதிக்கொண்டார். முந்தின ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாக அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இந்தத் தடவை உன்னைப் பத்திதான்."

"என்னைப் பத்தியா? எதுக்குங்க?"

"எதுக்கா? நீ இல்லாம நான் ஏது. பட்டனுக்கு என்ன சேரும், சொல்லு."

அவள் முகம் சிவந்தது. பெட்டியைத் திறக்காமலே சொன்னாள். "மட்டன்."

"அருமை. ஹெட்?"

"பெட், ரெட், பிரெட், டெட்."

"டெட். எழுதிக்கிட்டேன். வைஃப்?"

"லைஃப், நைஃப். ஏங்க, என்னைப் பத்தின பாட்டுல மட்டன் எதுக்கு?"

"உன் கைச்சமையலைப் பத்திடி. நாலு வருஷத்துக்கு முந்தி டைரக்டர் நம்ம வீட்ல சாப்பிட்டுட்டு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரே."

"டெட்டுன்னா செத்துப்போறதில்ல?"

"ஆமா. சாகற வரைக்கும் சேர்ந்து இருப்போம்னு. இதுக்கெல்லாம் கோனார் உரை போட்டா கவிதை என்னத்துக்கு ஆகும்?"

விழாவன்று அவள் முன்வரிசையில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டன் வந்தது, மட்டன் வந்தது. கூட்டம் அதிர்ந்தது. ஹெட், டெட். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையும் வரும்போது, மேடையேறிப் பரிசு வாங்குகிற தன் பிள்ளையைப் பார்ப்பது போல அவளுக்கு இருந்தது. எல்லோரும் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் வாய்விட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரித்தார்கள். மகள் மட்டும் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

சட்டம் அடித்து வந்த கவிதையை அவள்தான் கூடத்தில் மாட்டினாள், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே. பத்து நாள் கழித்து அதை ஆணியிலிருந்து கழற்றி, பழைய துண்டில் சுற்றி, கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்பார் என்று வெட்கம்.

மதியம் ஜிப் வாங்க வந்த டீச்சரிடம் காட்டினாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறவர். பத்து வருஷ வாடிக்கை.

"படிங்க டீச்சர். எங்க வீட்டுக்காரர் என்னைப் பத்தி எழுதினது. கீழே பாருங்க, நாப்பது பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து டைரக்டர்."

டீச்சர் சிரித்துக்கொண்டே வாங்கினார். மூன்றாவது வரிக்கு வரும்போது சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. கடைசிவரை படித்துவிட்டுச் சட்டத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நல்லா இருக்கு அக்கா. ஜிப்பு எட்டு இஞ்ச் போதும்."

பட்டன் அக்காவுக்கு வாடிக்கையாளர் முகம் தெரியும். பிடிக்காத துணியைப் 'பிறகு வரேன்' என்று வைத்துவிட்டுப் போகிறவர்களின் முகம் அது.

"டீச்சர், ஒவ்வொரு வரியாத் தமிழ்ல சொல்லுங்க."

"கவிதையெல்லாம் அப்படிச் சொல்ல வராதுக்கா."

"பாடத்துல பிள்ளைங்களுக்குச் சொல்றீங்கல்ல. அப்படிச் சொல்லுங்க. மட்டன்னு வருதே, அது என் சமையல்தானே?"

டீச்சர் கடையைச் சுற்றிப் பார்த்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வேறு ஆள் இல்லை. சட்டத்தை நிமிர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டுக் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"'எனக்கு வாய்ச்சது ஒரு பட்டன்.' அப்புறம்... 'தூக்கிப் பார்த்தா ஒரு மூட்டை ஆட்டுக்கறி.'"

"உம்."

"'அவ தலையிலயும் நாலு ஓட்டை. இந்தப் பக்கம் போட்டது அந்தப் பக்கம் விழுந்துடும். உள்ளே இருந்தது எப்பவோ செத்துப்போச்சு.'"

"உம்."

"'ஆபீஸ்லேர்ந்து எனக்கு ஓய்வு குடுத்தீங்க. இந்தப் பெண்டாட்டிகிட்டேர்ந்தும் ஓய்வு கிடைக்க, ஒரு கத்தி இருந்தாக் குடுங்க.' அவ்வளவுதான் அக்கா. தமாஷுக்குத்தான். ஆம்பளைங்க இப்படித்தான் எழுதுவாங்க."

பட்டன் அக்கா ஜிப்பை அளந்து, வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். டீச்சர் படியிறங்கப் போனபோது கூப்பிட்டாள்.

"டீச்சர், ஸ்டாம்மர்னா என்ன?"

"திக்குவாய். ஏன்?"

"ஒண்ணுமில்லை. ஒரு அறையில கிடந்தது."

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் அதற்கு ஜோடி கேட்டார். அர்த்தம் கேட்டபோது, "ஆபீஸ் ஸ்டாம்ப் இல்ல, அந்த மாதிரி ஒண்ணு" என்றார். அவள் ஹேம்மர் கொடுத்தாள், கிராம்மர் கொடுத்தாள். அது டைப்பிஸ்ட் அம்மாவின் வழியனுப்பு விழா. டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் பேச்சு திக்கும். கணவனை இழந்தவள், வாரத்துக்கு ஒரு தடவையாவது கடைக்கு வந்து இந்த மேஜைப் பக்கம் நின்றுவிட்டுப் போகிறவள். வேறு யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இங்கே மட்டும் திக்கித் திக்கி ஊர்க்கதை பேசுவாள். விழாவுக்கு அப்புறம் வரவே இல்லை. பென்ஷன் வந்ததும் பெரிய மனுஷியாகிவிட்டாள் போல என்று அக்கா நினைத்திருந்தாள். அவளுடைய கறுப்புக் கோட்டுக்கு ஒரு பட்டன் வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அது ஆறு மாதம் கழித்துப் பழைய சரக்கில் கிடைத்தபோது, வந்தால் கொடுக்கலாம் என்று இழுப்பறையில் எடுத்து வைத்தும் இருந்தாள்.

அன்று சாயங்காலம் சட்டத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு மகளிடம் கேட்டாள். மகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா என்னைப் பத்தி எழுதினது உனக்கு அன்னைக்கே புரிஞ்சுதா?"

கத்தி நின்றது. "யார் சொன்னா?"

"புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுதும்மா. நீ அப்படிச் சிரிச்சிட்டு இருந்தே. நான் எப்படிச் சொல்றது? அத்தனை பேர் முன்னால அழுதிருப்பே."

"அதுக்கு அப்புறம்? வீட்ல நான் ஆணி அடிச்சேனே, அப்போ? நீதானே ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டே."

மகள் பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நறுக்கிய துண்டுகளையே திரும்பவும் நறுக்கினாள்.

அவரிடமும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள், சாப்பாடு போடும்போது, சாதாரணமாக. "ஏங்க, அந்த மட்டன் என்னன்னு சொன்னீங்க?"

"உன் சமையல்டி. எத்தனை தடவை சொல்றது?" என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். பிறகு சிரித்தார். "நாலு தடவை சொல்லணும் போல."

அடுத்த விடுமுறை நாளில் கறுப்புக் கோட்டுப் பட்டனைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. மூச்சு வாங்கியது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. அவர் கேட்டார், நான் எடுத்துக் குடுத்தேன். என்ன எழுதறார்னு எனக்குத் தெரியாது. என்னைப் பத்தியும் எழுதிட்டார்."

"ஓ" என்றாள் டைப்பிஸ்ட் அம்மா. "இ-இப்பதான் தெ-தெரிஞ்சுதா."

"ஆமா."

"உங்களைப் பத்தி எ-எழுதினதுக்கு அப்புறம்."

பட்டன் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அ-அவர் என்னை மாதிரியே பே-பேசிக் காட்டினார். அதுக்கு இங்கிலீஷ் வே-வேணுமா? நீங்க மே-மேடையிலதான் இருந்தீங்க. வி-விழுந்து விழுந்து சிரிச்சீங்க. நா-நான் உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இ-இருந்தேன்."

அது உண்மைதான். மேடையில் அவர் பக்கவாட்டில் திரும்பி வாயைக் கோணிக்கொண்டு ஒரே எழுத்தில் நின்று நின்று பேசியது இப்போது அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அவள் அதைப் பார்க்கவே செய்தாள். ஆனால் அவள் காது தன் வார்த்தைகளுக்காகக் காத்திருந்தது. ஹேம்மர் வந்ததும் சிரித்தாள்.

கைக்குட்டையை அவிழ்த்துப் பட்டனை நீட்டினாள். "அந்தக் கோட்டுக்கு. ரொம்ப நாளா எடுத்து வச்சிருந்தேன்."

"கோ-கோட்டையே தூக்கிப் போட்டாச்சு" என்று சொல்லி டைப்பிஸ்ட் அம்மா கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல், மெதுவாக. அக்கா பட்டனைக் கைக்குள் மூடியபடி படியிறங்கினாள்.

கவிராயருக்கு அதற்குள் பெரிய நேரம் வந்திருந்தது. ஓய்வு பெற்றோர் சங்கம் அவருடைய கவிதைகளைப் புத்தகமாகப் போட முடிவு செய்தது. முன்னுரை எழுத ஓர் ஓய்வு பெற்ற இங்கிலீஷ் பேராசிரியரைப் பிடித்திருந்தார்கள். பேராசிரியர் லேசுப்பட்டவர் இல்லை. எழுதி வந்ததை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருக்கலாம், ஆண்டு விழாவில் நேரில் பார்க்கிறேன், மேடையில் சொல்லட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டார். கவிராயருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"பெட்டியை நல்லாச் சரிபார்த்து வைடி. எல்லா அறையும் ரொம்பி இருக்கணும். பேராசிரியர் முன்னால மானம் போயிடக் கூடாது."

"ரொப்பி வைக்கிறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்தாள். இருபத்தெட்டு வருஷச் சீட்டுகள் தரையில் குவிந்தன. சில மகளின் பழைய நோட்டுத் தாள், சில கடையின் ரசீதுத் தாள். ஒன்றையும் கிழிக்கவில்லை. அள்ளிப் பழைய செய்தித்தாள் கட்டுக்குள் திணித்து, பேப்பர்காரர் வந்ததும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பிறகு நாற்பத்தெட்டு அறைகளையும் சொன்ன சொல் தவறாமல் ரொப்பி வைத்தாள்.

விழா மண்டபத்தில் முந்நூறு நாற்காலி. பேராசிரியர் நடுவில். டைரக்டரும் வந்திருந்தார். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் டைப்பிஸ்ட் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழைப்பிதழைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தது பட்டன் அக்காதான். வருவாள் என்று நினைக்கவில்லை.

கவிராயர் புதுச்சட்டையில் கம்பீரமாக நின்றார். பழைய கவிதை இரண்டை வாசித்தார், நல்ல கைதட்டல். பிறகு வழக்கம்போல, "ஒரு வார்த்தை குடுங்க."

"ரெயின்" என்றார் பேராசிரியரே.

கவிராயர் மழையை வைத்து ஒரு வரி சொன்னார். அழகாக விழுந்தது. வலதுகையைப் பின்னால் நீட்டினார்.

டிரெயின், பெயின், பிரெயின், செயின். நாலும் அவள் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. வாயைத் திறந்தால் விழுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, டைப்பிஸ்ட் அம்மாவின் கோட்டுக்கு எடுத்து வைத்த அந்தப் பெரிய கறுப்புப் பட்டனை எடுத்து, விரிந்திருந்த உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். திரும்பி அவளைப் பார்த்தார். கூட்டம் அமைதியாயிற்று. ஆனால் இருபத்தெட்டு வருஷ மேடை அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே. பட்டனை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"நான்தான் சொன்னேனே. நாலு ஓட்டை. சீட்டு கேட்டா பட்டன் குடுக்கறா."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. கவிராயர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பை வாங்கியதில்லை. பேராசிரியர்கூடத் தொடையைத் தட்டினார். பட்டன் அக்கா அசையவில்லை. மடியில் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, அடுத்த வார்த்தை" என்றார் கவிராயர், உற்சாகமாக.

"டோர்."

ஒரு வரி. கை பின்னால் வந்தது. வெள்ளைச் சட்டைப் பட்டன் ஒன்றை வைத்தாள். இந்தத் தடவை சிரிப்பு பாதிதான்.

"நைட்."

ஒரு வரி. கை. பித்தளைப் பட்டன். முன்வரிசை மட்டும் சிரித்தது.

"ஏய்" என்றார் உதட்டை அசைக்காமல். "விளையாடாதே. சீட்டைக் குடு."

"ஸ்கை" என்றார் யாரோ. அவர் வானத்தை வைத்து ஒரு வரி ஆரம்பித்து, முடிக்காமல் கையை நீட்டினார்.  அதில் ஒரு சின்னக் குழந்தைச் சட்டைப் பட்டன் விழுந்தது. அவராகவே ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்துச் சொன்னார். அது சேரவில்லை என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் கேட்டது. பின்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. அவர் இன்னொன்று சொன்னார். அதுவும் சேரவில்லை. சரியா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர் அவள் முகத்தைப் பார்த்தார், இத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த மாதிரி. அவள் சரி என்று தலையாட்டவும் இல்லை, இல்லை என்று அசைக்கவும் இல்லை. மூன்றாவதாக ஒன்று சொன்னார். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீட்டெல்லாம் எங்கேடி?" மைக் முன்னால் இருப்பதை மறந்துவிட்டார். முந்நூறு பேருக்கும் கேட்டது.

"ஓட்டை வழியா விழுந்துடுச்சுங்க" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. டைரக்டர் தரையைப் பார்த்தார். அந்தச் சட்டத்தில் முதல் கையெழுத்து அவருடையது. சங்கச் செயலாளர் ஓடிவந்து, அடுத்து சிற்றுண்டி என்று அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. பட்டன் அக்கா மூன்றாவது வரிசையைத் தேடினாள். டைப்பிஸ்ட் அம்மா எழுந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மேடையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, திருப்தியும் இல்லை. பிறகு யாரோடும் பேசாமல் பக்கவாசல் வழியாகப் போய்விட்டாள். கடைக்கு அதற்கப்புறமும் வரவில்லை.

புத்தகம் வரவில்லை. பேராசிரியர் உடம்பு சரியில்லை என்று கடிதம் போட்டார். கவிராயர் சங்கத்துக்குப் போவதை நிறுத்தினார். போனால், "என்ன சார், இன்னைக்குப் பட்டனா சீட்டா?" என்று கேட்டார்கள். சாயங்கால நடைக்கு அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார். ஸ்டோர் கீப்பர் போகிற தெரு அது. இரண்டு பேரும் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நடக்கிறார்கள்.

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் அவர் நாற்காலியைப் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றப் போனார். அவள் சமையலறையிலிருந்து வந்தாள்.

"அதை எதுக்குக் கழட்டறீங்க? என் சமையலைப் பத்தினதாச்சே. இருக்கட்டும்."

அவர் இறங்கிவிட்டார். அது அங்கேயே இருக்கிறது, சாப்பாட்டு மேஜைக்கு எதிரே, அவர் உட்காரும் இடத்துக்கு நேராக. தினமும் காலையில் அவள்தான் கண்ணாடியைத் துடைக்கிறாள், நாற்பது கையெழுத்தும் தெரிய.

மகள் வேலை மாற்றிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறாள். மூன்று பேரும் உடம்பைப் பற்றி விசாரித்துக்கொள்கிறார்கள்.

கடையில் யாராவது இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மனசு தன்னையறியாமல் அதன் ஜோடியைத் தேடி ஓடுகிறது. ஓடட்டும் என்று விட்டால் நாலைந்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. கொடுக்க இடமில்லை. அவள் பட்டன் டப்பாவைச் சத்தமாக மூடி அதை விரட்டுகிறாள்.

போன வாரம் அவர் மேல்சட்டை ஒன்றில் பட்டன் விழுந்துவிட்டது. நெஞ்சுக்கு நேராக இருப்பது. சட்டையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"இதுக்கு ஒண்ணு பார்த்துத் தைச்சுடு."

கடையில் அதே பட்டன் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அவள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அன்று அவர் மேடையிலேயே விட்டுவிட்டுப் போனதைப் பொறுக்கி வைத்திருந்த கறுப்புக் கோட்டுப் பட்டனை எடுத்தாள். வெளிர்நீலச் சட்டை. நாலு ஓட்டையிலும் நூலை நாலு நாலு தடவை ஓட்டி, இந்த ஜன்மத்தில் அறுந்துபோகாதபடி முடிச்சுப் போட்டுத் தைத்தாள். சட்டையில் பட்டன் மாட்டுகிற ஓட்டைக்குள் அது நுழையவில்லை என்று பார்த்து, அதையும் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தாள்.

அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"சேருதா?" என்று கேட்டார்.

"சேருதுங்க" என்றாள் அவள்.

அவர் நடைக்குக் கிளம்பிப் போனார்.